கடைக்கு வர முடியாமல் போன வாடிக்கையாளர்கள்

பலசரக்குக் கடை நடத்துகிறவர்களுக்கு ஒரு வீட்டின் சங்கதி அந்த வீட்டுச் சாமான் சீட்டிலேயே தெரிந்துவிடும். மகன் வெளிநாட்டிலிருந்து வந்திருப்பதும், மகள் பிரசவத்துக்கு வந்திருப்பதும், கல்யாணம் நிச்சயமானதும் கல்லாவில் இருப்பவருக்குச் சொல்லாமலே தெரியும். சுக்கும் நல்லமிளகும் கருப்பட்டியும் பூண்டும் ஒரே சீட்டில் ஏறினால் அது என்ன வீடு என்று நம் கடைப்பையன் கூடச் சொல்லிவிடுவான்.

அதே சீட்டு முதுமையையும் சொல்லும். முதலில் அரிசியின் அளவு குறையும். பிறகு மல்லி, வத்தல், புளி, தேங்காய் எண்ணெய் ஆகியவை குறையும். அம்மியும் மிக்ஸியும் ஓய்ந்துவிட்டன என்று பொருள். சில மாதங்களில் ரஸ்க், பிஸ்கட், அவல், பால் பாக்கெட் என்று சீட்டு சுருங்கிவிடும். அப்போது அந்த வீட்டில் அடுப்பு மூட்டுவது ஏறக்குறைய நின்றுவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அதன் பிறகு சீட்டே வராது. நாமும் பற்று நோட்டில் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு அடுத்த பெயரைப் பார்க்கிறோம்.

திருவிதாங்கோட்டுப் பக்கம் கடை வைத்திருக்கும் சில்லறை வியாபாரி ஒருவர் எங்கள் கடைக்குச் சரக்கெடுக்க வந்தபோது இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அவர் கடையில் முப்பது வருடமாகச் சாமான் வாங்கிய ஓர் அம்மாளுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. பிள்ளைகள் மூன்று பேரும் மூன்று நாட்டில். பணத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இருபத்தைந்து கிலோ அரிசிப் பையை வாசல் திண்ணையில் வைத்துவிட்டு வந்தால், அதை அடுக்களைக்குக் கொண்டுபோகவும் கட்டை அவிழ்த்துப் பானையில் கொட்டவும் அந்த அம்மாளுக்குத் தெம்பில்லை. மூட்டை நான்கு நாள் திண்ணையிலேயே இருந்திருக்கிறது. "அண்ணாச்சி, கடையில அரிசி இருக்கு, அவங்க கையில ரூவா இருக்கு, வீட்டு வாசல்ல மூட்டையும் இருக்கு, ஆனா கஞ்சி இல்ல" என்றார். நம் ஊரில் இன்று பல வீடுகளின் நிலைமையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

நம் மாவட்டத்தின் நிலை

2011 மக்கள் தொகைக் கணக்குப்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு எட்டரைப் பேர். தமிழ்நாட்டில் பத்துக்கும் மேல். பக்கத்திலுள்ள கேரளத்தில் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண். படிப்பிலும், குடும்பத்தைச் சிறிதாக வைத்துக்கொள்வதிலும், பிழைப்புக்குக் கடல் தாண்டிப் போவதிலும் நாம் கேரளத்தின் போக்கிலேயே வந்திருக்கிறோம். ஆகவே அங்கே வந்த முதுமை இங்கேயும் வந்துவிட்டது. தக்கலை, அழகியமண்டபம், முளகுமூடு, குலசேகரம் பக்கம் போனால் பெரிய பெரிய வீடுகள் இருக்கின்றன. இரண்டு மாடி, மொசைக் தரை, இரும்புக் கேட். உள்ளே ஒரு பாட்டாவும் பாட்டியும், அல்லது அவர்களில் ஒருவர் மட்டும்.

வயதானவர்களை மட்டும் வைத்துப் பேசுவதும் சரியல்ல. 2011 கணக்கின்படியே தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். அப்போது கணக்கில் வராத பல குறைபாடுகளையும் சேர்த்து, 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டது. நம் ஊரில் தென்னை ஏறி விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள் உண்டு. முப்பது, முப்பத்தைந்து வயதில் விழுந்தவர் அதன் பிறகு நாற்பது வருடம் படுக்கையில் வாழ வேண்டியிருக்கலாம். அவருக்கு ஒரு மனைவி, படிக்கிற பிள்ளைகள். அந்த மனைவிதான் நம் கடையில் அரைக் கிலோ, கால் கிலோவாக வாங்கிக்கொண்டு போகிறவர்.

தரையமைப்பையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்து வீடுகள் சமதரையில் வரிசையாக இருப்பவை அல்ல. ரோட்டிலிருந்து இருபது படி இறங்கியோ ஏறியோ, ரப்பர் தோட்டத்துக்கும் வாழைத் தோப்புக்கும் நடுவே ஒற்றையடிப் பாதையில் போயோ சேர வேண்டிய வீடுகள் ஏராளம். கால் நல்லபடியாக இருக்கிறவரை அது அழகான வீடு. கால் போய்விட்டால் ஆட்டோவும் வராது, ஆம்புலன்ஸும் வராது. ஆனித் தொடங்கி ஐப்பசி, கார்த்திகை வரைக்கும் இரண்டு பருவ மழையும் நமக்கு உண்டு. பாசி பிடித்த படியில் ஒரு தடவை வழுக்கினால் இடுப்பெலும்பு முறிந்து படுக்கை.

இப்படிப்பட்டவர்களிடம் "முதியோர் இல்லத்துக்குப் போகிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கோவிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ பக்கத்தில் இருக்கிறது. மாமரம் தான் நட்டது. கல்லறையும் சுடுகாடும் இன்னது என்று மனதில் இருக்கிறது. இங்கேயே இருந்துவிடுகிறேன் என்பதுதான் அவர்கள் கேட்கும் ஒரே காரியம். இல்லம் நடத்துகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. யாருமே இல்லாதவர்களுக்கு அது வேண்டும்தான். ஆனால் அரிசி மூட்டையைக் கொட்டிக் கொடுக்க ஆளில்லாத ஒரே காரணத்துக்காக ஒரு மனுஷி சொந்த வீட்டை விட்டுப் போக வேண்டுமா?

அரசு செய்வதும் விட்டுப்போவதும்

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2011-ல் 1,000 ரூபாய், 2023-ல் 1,200 ரூபாய் என்று உயர்ந்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்புத் தொகை 2023 ஜனவரி முதல் 1,500-லிருந்து 2,000 ஆயிற்று. அந்தப் பணம் எத்தனை நாளைக்கு வரும் என்பது கடைக்காரர்களுக்கு நான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுப்பது, படுக்கையில் கிடப்பவர்களுக்கு நர்சும் இயன்முறை மருத்துவரும் போய்ப் பார்ப்பது என்பது அதன் ஏற்பாடு. 2025 ஆகஸ்ட் 12-ல் 'தாயுமானவர்' திட்டம் வந்தது. எழுபது வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பது என்பது தொடங்கியபோது இருந்த ஏற்பாடு. மாநிலம் முழுவதும் சுமார் 21 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு என்று அறிவித்தார்கள். இந்த ஒரு எண்ணைச் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். ரேஷன் கடைக்கு நடந்து போக முடியாதவர்கள் இத்தனை லட்சம் என்றால், அவர்களே நம் கடைகளுக்கும் வர முடியாதவர்கள் அல்லவா?

மாத்திரை மாதம் ஒருமுறை வரும். ரேஷன் மாதம் ஒருமுறை வரும். மாதத்தில் மீதி இருபத்தெட்டு நாளும் ஒரு வீட்டில் என்னென்ன வேண்டியிருக்கிறது? பல்பு மாற்ற வேண்டும். கேஸ் தீர்ந்தால் பதிவு செய்ய வேண்டும். மாத்திரை அட்டையில் எது காலை, எது இரவு என்று படித்துச் சொல்ல வேண்டும். மகன் அனுப்பிய கடிதமோ பாங்கிலிருந்து வந்த காகிதமோ என்னவென்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வந்து உட்கார்ந்து நாலு வார்த்தை பேச ஒரு ஆள் வேண்டும். இதற்கெல்லாம் சர்க்கார் ஆள் போட முடியாது. அக்கம்பக்கம்தான் செய்ய வேண்டும். அக்கம்பக்கமும் இப்போது பூட்டிக் கிடக்கிறது என்பதுதான் சங்கடம்.

எல்லை தாண்டினால் ஒரு பாடம்

இந்தச் சங்கடத்துக்கு வழி கண்டவர்கள் நமக்கு வெகு தூரத்தில் இல்லை. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலானவர்கள் சேர்ந்து வலி மற்றும் நோய்த் தணிப்புப் பராமரிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். மலையாளத்தில் இப்போது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த 'பாலியேட்டிவ்' என்ற சொல் அங்கிருந்து பரவியதுதான். புற்றுநோய் முற்றியவர்களின் வலியைத் தணிப்பது முதல் நோக்கம். சீக்கிரமே ஒன்று தெரிந்தது. மிகவும் கஷ்டப்படுகிறவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதே இல்லை. வர முடியாமல் வீட்டில் கிடக்கிறார்கள். அவர்களுக்கு டாக்டரால் ஆகும் காரியம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரால் ஆக வேண்டியது.

1999-ல் மலப்புறம் மாவட்டத்தில் இதை ஊர் ஏற்பாடாகவே மாற்றினார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்க முடிகிறவர்கள் யாரானாலும் வரலாம். அவர்களுக்கு 16 மணி நேரம் வகுப்பு, பிறகு நான்கு நாள் அனுபவமுள்ளவர்களோடு போய் நேரில் பார்த்துக் கற்பது. அதை முடித்தவர்கள் பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து ஒரு குழு. தங்கள் வட்டாரத்தில் யார் யார் படுக்கையில் இருக்கிறார்கள், எந்த வீட்டில் எது குறைகிறது என்று அந்தக் குழு பார்த்துக்கொள்ளும். அவர்களுக்குப் பின்னால் பயிற்சி பெற்ற நர்சும் டாக்டரும் இருப்பார்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் மூத்திரக் குழாய் மாற்றுவதும் நர்சின் வேலை. தொண்டர்கள் அதில் கை வைப்பதில்லை. அரிசி இல்லாத வீட்டுக்கு அரிசி, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு நோட்டும் யூனிபாரமும், ஓய்வூதியத்துக்கு மனு எழுதுவது, வெறுமனே பக்கத்தில் உட்கார்ந்திருப்பது ஆகியவை தொண்டர்களின் வேலை.

வியாபாரிகளான நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அதன் வரவு செலவு. பெரிய முதலாளி ஒருவரிடமோ வெளிநாட்டு நிதியிலிருந்தோ பணம் வாங்கி அவர்கள் இதைத் தொடங்கவில்லை. பணத்தின் பெரும்பகுதி உள்ளூரிலேயே ஒரு ரூபாய், ஐந்து ரூபாய் என்று வந்தது. கடைகளின் கல்லாப் பக்கத்தில் உண்டியல் வைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்தார்கள். பஸ்காரர்கள் ஒரு நாள் வசூலைக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள் ஆனதால் கேள்வி கேட்கிறவர்களும் ஆயிரக்கணக்கானவர்கள் ஆனார்கள். கணக்கும் சுத்தமாக இருந்தது. பெரிய நன்கொடையில் நடக்கும் காரியம் அந்த ஒருவர் கை வாங்கியதும் படுத்துவிடும். நம் சங்கங்களிலேயே எத்தனையோ காரியம் அப்படிப் படுத்ததை நாம் பார்க்கவில்லையா?

ஒன்பது வருடம் கழித்து, 2008-ல், கேரள அரசு இதற்கென்று கொள்கையே வகுத்தது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். பஞ்சாயத்துகளும் நகராட்சிகளும் வீட்டுக்குப் போகும் நர்சுகளை அமர்த்தின. ஊர் முதலில் செய்தது, அரசு பிறகு வந்து சேர்ந்தது என்ற வரிசை கவனிக்கத்தக்கது. நாமோ அரசு வரட்டும் என்று காத்திருந்து பழகியவர்கள்.

திருவனந்தபுரத்தில் 1981 முதல் இயங்கிவரும் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு நம் மாவட்டத்திலிருந்து போகாத ஊர் கிடையாது. சிகிச்சை முடிந்தோ, இனிமேல் முடியாது என்று சொல்லப்பட்டோ அவர்கள் களியக்காவிளை தாண்டித் திரும்பி வருகிறார்கள். பாறசாலையில் இறங்குகிறவருக்கு அங்கே பஞ்சாயத்து நர்சு உண்டு, தொண்டர் குழு உண்டு. நான்கு கிலோமீட்டர் இந்தப் பக்கம் இறங்குகிறவருக்கு ஊர்க் குழு என்று ஒன்று இருக்கிறதா?

இங்கே ஒன்றுமே இல்லை என்றும் சொல்லக் கூடாது. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியங்களும் வின்சென்ட் தே பவுல் சபையும் நோயாளிகள் வீட்டுக்குப் போகின்றன. சி.எஸ்.ஐ. சபைகளிலும் ஜமாஅத்துகளிலும் ஊர்ச் சமுதாயங்களிலும் உதவி நடக்கிறது. ஆனால் அவரவர் ஆட்களுக்கு அவரவர் என்று வரப்பு கட்டியிருக்கிறது. எல்லா வீட்டுக்கும் சரக்குப் போகிற இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான். அது கடை. பற்று நோட்டில் சாதி மதம் பார்த்துப் பக்கம் போடுகிறவர் நம்மில் யாரும் இல்லை.

விற்கப் போனவர்கள் செய்த காரியம்

இது கடைக்காரன் வேலையா என்று கேட்பவர்களுக்கு ஜப்பானில் நடந்ததைச் சொல்கிறேன். யாகுல்ட் என்று சின்னப் புட்டியில் ஒரு புளித்த பால் பானம் உண்டு. அதைப் பெண்கள் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்கிறார்கள். 1972-ல் புகுஷிமா மாகாணத்துக் கோரியாமா நகரில் அப்படி விற்கும் பெண் ஒருவர், தனியாக இருந்த முதியவர் ஒருவர் யாருக்கும் தெரியாமல் இறந்து கிடந்த செய்தியைக் கேட்டு மனம் பொறுக்காமல், தம் பகுதியில் தனியாக இருப்பவர்களுக்குச் சொந்தச் செலவில் புட்டி கொண்டுபோய்க் கொடுத்து எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிக்கத் தொடங்கினார். அவருடைய விற்பனை நிலையமும் அந்த வட்டார நலப் பணியாளர்களும் அதில் சேர்ந்துகொண்டார்கள். பிறகு பல நகராட்சிகள் அந்தக் கம்பெனியோடு ஏற்பாடு செய்துகொண்டன. முந்தின நாள் புட்டி எடுக்கப்படாமல் வாசலில் இருந்தால் உடனே தகவல் போய்விடும். திருவிதாங்கோட்டுத் திண்ணையில் நான்கு நாள் இருந்த அரிசி மூட்டையும் அப்படி ஒரு தகவல்தான்; அதைக் கொண்டுபோய்ச் சொல்ல நமக்கு ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான்.

நாமும் இதைச் செய்து பார்க்காதவர்கள் அல்ல. 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்து, மரமும் போஸ்டும் சாய்ந்து, நாள் கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தபோது, மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் குடிதண்ணீரும் எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று கடைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்தபோது அத்தியாவசியக் கடை என்று நம்மைத்தான் திறக்கச் சொன்னார்கள். போனில் சீட்டு வாங்கி வீட்டு வாசலில் சாமான் வைத்தோம். அந்த மாதங்களில் ஒவ்வொரு கடையிலும் ஒரு பட்டியல் இருந்தது. ஊரடங்கு நீங்கியதும் அந்தப் பட்டியலைக் கிழித்துப் போட்டோம்.

நாம் செய்யக்கூடியவை

முதலில் அந்தப் பட்டியல். ஒரு கடைக்கு ஐந்து வீடு, பத்து வீடு இருக்கும். ஆனால் சம்பந்தப்பட்ட பெரியவரிடம் கேட்காமல் பெயரை எழுதக் கூடாது. ரிட்டயரான ஆசிரியர்கள், ஒருகாலத்தில் பத்துப் பேருக்குச் சோறு போட்டவர்கள் எல்லாம் அதில் இருப்பார்கள். "உங்களுக்கு உதவி செய்ய வந்திருக்கிறோம்" என்று போய் நின்றால் கதவைச் சாத்துவார்கள், அதுவும் நியாயமே. சாமான் கொண்டுபோகிற பையன் கூடுதலாகப் பத்து நிமிஷம் நிற்பதிலிருந்து தொடங்கலாம்.

அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன செய்ய வேண்டும் என்று பையனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அரிசியைத் திண்ணையில் வைக்காமல் பானையில் கொட்டிக் கொடுப்பது. பழைய அரிசி அடியில் இருந்தால் அதை மேலே எடுத்துவிட்டுப் புதியதை அடியில் போடுவது. எண்ணெய்ப் பாக்கெட்டைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றிவைப்பது. வாயால் கடித்துத் திறக்க முயன்று ஊற்றிக்கொண்டு வழுக்கி விழுந்தவர்கள் உண்டு. மூடி இறுக்கமான டப்பாவைத் திறந்து கொடுப்பது. போன மாதம் கொடுத்த பருப்பு அப்படியே இருந்தால் கடைக்கு வந்து சொல்வது.

கடையிலும் சில மாற்றங்கள் சுலபமானவை. ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஒரு கிலோப் பாக்கெட்டாகத் தள்ளிவிடாமல் கால் கிலோவாக மடித்துக் கொடுக்கலாம். சீனி எது, உப்பு எது என்று மார்க்கர் பேனாவால் பெரிய எழுத்தில் பாக்கெட்டின் மேல் எழுதிக் கொடுக்கலாம். கண் மங்கியவர்களுக்கு இது எத்தனை பெரிய உபகாரம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். தேதி தாண்டப்போகிற சரக்கை இப்படிப்பட்ட வீடுகளுக்கு அனுப்பும் பழக்கம் எங்கேனும் இருந்தால் அது பாவம். அதற்கு மேல் நான் சொல்லவில்லை. கடை வாசலில் இரண்டு படி இருக்கிற இடத்தில் ஓரமாகச் சிமெண்டுச் சாய்வு ஒன்று போட்டுவிட்டால் சக்கர நாற்காலிக்காரரும், முட்டுவலிக்காரரும், ஏன், சரக்கு வண்டி தள்ளுகிற தொழிலாளியும் பயன்படுத்தலாம்.

அடுத்தது நேரம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்பது மலப்புறத்துக் கணக்கு. நமக்கு மதியம் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை கல்லாவில் ஈ ஓட்டுகிற நேரம்தான். அதை யாருக்குக் கொடுப்பது? படுக்கையில் இருப்பவருக்கு என்று நினைக்கிறோம். என் பார்வையில், அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும். மாமியார் படுத்துவிட்டார் என்று இரண்டு வருடமாகச் சொந்தத் தாய் வீட்டுக்குப் போகாத மருமகள்களை எனக்குத் தெரியும். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும் கூட. அப்படி இருக்கிறவளுக்கு வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம், "நீ போயிட்டு வா மக்களே, நான் இருக்கேன்" என்று சொல்ல ஒரு பெண் வந்தால், அவள் கோவிலுக்குப் போவாளோ, பல் டாக்டரிடம் போவாளோ, சும்மா அடுத்த அறையில் தூங்குவாளோ, அது அவள் இஷ்டம். இதில் நம்மைவிட நம் வீட்டுப் பெண்கள்தான் அதிகம் செய்ய முடியும். அவர்களைக் கேட்காமல் நாம் தீர்மானம் போடக் கூடாது.

மூன்றாவது, சாதனங்கள். நீர்ப்படுக்கை, சக்கர நாற்காலி, நடப்பதற்கான வாக்கர், கழிப்பிட நாற்காலி, சாய்த்து உயர்த்தும் கட்டில் ஆகியவற்றை ஒவ்வொரு குடும்பமும் கடன்பட்டு வாங்குகிறது. ஆள் போனதும் அது மாடிப்படி அடியில் தூசி பிடித்துக் கிடக்கிறது. கேரளத்துக் குழுக்கள் இவற்றை வாங்கிவைத்து இரவலாகக் கொடுத்துத் திரும்ப வாங்கி, கழுவி, அடுத்த வீட்டுக்கு அனுப்புகின்றன. இது நூற்றுக்கு நூறு நம் தொழில். குடோனில் ஒரு மூலை, ஒரு ஸ்டாக் ரிஜிஸ்டர், போன தேதி, வந்த தேதி, வாங்கியவர் கையெழுத்து. சங்கத்தில் பத்துப் பேர் சேர்ந்தால் முதல் சரக்குக்கு ஆகும். பயன்படாமல் கிடப்பதைக் கொடுங்கள் என்று ஊரில் கேட்டாலே பாதி வந்துவிடும்.

படுக்கையில் இருப்பவர்கள் கையால் செய்யும் பொருளை விற்றுக் கொடுப்பது இன்னொன்று. கேரளத்தில் முதுகெலும்பு முறிந்தவர்கள் குடை கட்டுகிறார்கள், காகிதப் பேனா சுற்றுகிறார்கள். குடை நம் ஊரில் விற்காத சரக்கா? கடையில் ஒரு ஆணி அடித்துத் தொங்கவிட்டால் போதும். தரம் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பரிதாபத்துக்காக ஒரு தடவை வாங்குகிறவர் மறு தடவை வர மாட்டார்.

சில எச்சரிக்கைகள்

நல்ல எண்ணத்தோடு போய் வம்பில் மாட்டிக்கொள்ளவும் இடமுண்டு. தனியாக ஒருவர் போகக் கூடாது, எப்போதும் இரண்டு பேர். பெண்கள் மட்டும் உள்ள வீட்டுக்குப் பெண்கள்தான் போக வேண்டும். பெரியவருடைய ஏ.டி.எம். கார்டையோ ரகசிய எண்ணையோ வாங்கவே கூடாது. பாங்கிலிருந்து பணம் எடுக்க வேண்டுமானால் அவரையே ஆட்டோவில் கூட்டிப் போக வேண்டும். சொத்து, உயில், பத்திரம் என்று பேச்சு வந்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். எழுதப்பட்ட மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுக்கலாம். நம் கடையில் தொங்கும் தலைவலி மாத்திரையைக் கூட நாமாகக் கொடுக்கக் கூடாது. பற்றுக் கணக்கை மாதம் ஒருமுறை பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பிவிட்டால் பின்னால் ஒரு பேச்சு வராது. அதற்கும் பெரியவரின் சம்மதம் வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை நம் சங்கங்களுக்கே உரியது. ஒரு ரொட்டிப் பாக்கெட்டை ஆறு பேர் பிடித்துக்கொண்டு நின்று, வாங்குகிற கிழவியை நடுவில் நிறுத்திப் படம் எடுக்கும் வழக்கம் நமக்கு உண்டு. இந்தக் காரியத்தில் போட்டோ வேண்டாம். வேண்டுமானால் உண்டியல் கணக்கைப் படம் எடுத்துப் போடுவோம். உண்டியலை மாதம் ஒருமுறை இரண்டு பேர் முன்னிலையில் திறந்து எண்ணி, வரவும் செலவும் கடை வாசலில் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

"கடை நடத்தவே ஆள் கிடைக்கவில்லை, சூப்பர் மார்க்கெட்டும் போனில் சாமான் அனுப்புகிறவர்களும் பாதி வியாபாரத்தைக் கொண்டுபோய்விட்டார்கள், இதில் இது வேறா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது உண்மைதான். போனில் அனுப்புகிறவன் அரிசியைப் பானையில் கொட்டமாட்டான் என்பதும் உண்மை. ஆனால் இதை வியாபார உபாயமாக நினைத்துத் தொடங்குகிறவர் மூன்று மாதத்தில் விட்டுவிடுவார். ஏனென்றால் இதில் லாபம் தெரியாது. இந்த வீடுகளின் சீட்டு வருடத்துக்கு வருடம் சிறியதாகிக்கொண்டேதான் போகும். முப்பது, நாற்பது வருடம் நம்மிடம் வாங்கியவர்கள் என்ற ஒரு கணக்குக்காகச் செய்ய முடிந்தவர் செய்யலாம். முடியாதவர் உண்டியலோடு நின்றுகொள்ளலாம். அதிலும் குறைவில்லை.

கூட்டம் போட்டுப் பேசுவதற்கு முன் நேரில் பார்ப்பது நல்லது. டாக்டர் ராஜகோபால் 2003-ல் தொடங்கிய 'பாலியம் இந்தியா' திருவனந்தபுரத்தில் இருக்கிறது. தொண்டர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். தக்கலையிலிருந்து ஐம்பத்தைந்து கிலோமீட்டர். மொழியும் நமக்குப் பிரச்சினை இல்லை. மே 5 வணிகர் தினத்துக்குக் கடையடைத்து மாநாட்டுக்குப் போகிற நாம், வேறொரு நாள் அரை நாள் கடையடைத்து ஒரு வேன் பேசிப் போய் வரலாம். முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டு, பதினைந்து பேருக்கு மேல் இல்லாமல் போவது நல்லது. வருகிறவர்கள் கையோடு தங்கள் கடைப் பட்டியலையும் கொண்டுவரட்டும். வேனில் பாதி இடம் பெண்களுக்கு.